ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்

அரிசோனா மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைநிலத்தில், கடலுக்கு நடுவே தீவுகள் நிற்பதுபோல் மலைகள் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. சாந்தா ரீட்டா, வாச்சூக்கா, சிரிகாவா என்று அவற்றுக்குப் பெயர்கள். ‘வானத் தீவுகள்’ என்பது மொத்தப் பெயர். அங்கே வாழும் சின்ன வெள்ளைவால் மானுக்குக் கூஸ் மான் என்று பெயர். 1860களில் அரிசோனாவில் இராணுவ மருத்துவராக இருந்த பறவையியலாளர் எலியட் கூஸின் பெயரால் வந்தது அது. வளர்ந்த ஆண்மானே பெரும்பாலும் 45 கிலோவைத் தாண்டாது. உடம்பு சாம்பல் நிறம். ஓக் மரநிழலில் அசையாமல் நின்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து கரைந்துபோகும்.

இந்த மானை நடந்து தேடுவதைவிட உட்கார்ந்து தேடுவதே வழக்கம். ஒரு முகட்டில் அமர்ந்து, பெரிய பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டி, பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள சரிவை மணிக்கணக்கில் அங்குலம் அங்குலமாகத் துழாவுவார்கள். மான் கண்ணில் பட்டால் அது எதிர்ச்சரிவில் இருக்கும். தூரம் 300 மீட்டர் இருப்பது சாதாரணம். படுத்துக்கொண்டு சுடலாம் என்றால் முழங்கால் உயரப் புல்லும் கற்றாழையும் வளைந்த முள்ளுடைய புதர்களும் கண்ணை மறைக்கும். எழுந்து நின்று கையில் பிடித்துச் சுட்டால் அந்தத் தூரத்துக்குக் குறி நிற்காது. ஆகவே பைனாகுலரைத் தாங்கிய அதே ட்ரைபாட் ரைஃபிளையும் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த ட்ரைபாடையும், ரைஃபிளைப் பிடிக்கும் அதன் தலையையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். அதனால் இது நம் ஊரில் பயன்படுத்துவதற்காக எழுதியதல்ல. அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறி, உரிய உரிமத்தோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கும், அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கும் எழுதுகிறேன். அரிசோனாவில் ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போக, மாநில வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறை நடத்தும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அப்படிக் கிடைத்த ஒரு வாய்ப்பில் குறி பிசகினால் நஷ்டம் வேட்டைக்காரருக்கு மட்டுமல்ல. வயிற்றிலோ காலிலோ குண்டு பாய்ந்த மான் ஓடிப்போய், யாருக்கும் கிடைக்காமல், துடித்துத் துடித்துச் சாகும். விசையைத் தொடுகிறவர் அந்த உயிருக்குக் கடமைப்பட்டவர். ட்ரைபாட் விஷயத்தில் நான் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது அதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ரைஃபிளின் பின்கட்டை தோளில் பதிந்திருக்கிறது. முன்கட்டை ட்ரைபாடில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குழலின் திசை 600-இல் ஒரு பங்கு திரும்பிவிடும். 300 மீட்டர் போய்ச் சேரும்போது அது 50 செ.மீ. விலகலாகிறது. கூஸ் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியின் குறுக்களவை 15 செ.மீ. என்று கொண்டால், அதற்குள் குறி நிற்க ட்ரைபாடின் உச்சி மொத்தமாக 0.3 மில்லிமீட்டருக்கு மேல் அலையக்கூடாது. கடையில் ட்ரைபாடைக் கையால் தட்டிப் பார்த்து ‘கெட்டியாத்தான் இருக்கு’ என்று சொல்கிறோமே, அந்தக் கெட்டிக்கும் இந்த 0.3 மில்லிமீட்டருக்கும் வெகுதூரம்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தாங்குதிறன் எண்ணும் இந்த இடத்தில் உதவாது. ‘20 கிலோ தாங்கும்’, ‘40 கிலோ தாங்கும்’ என்று போட்டிருப்பார்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளந்து போடும் எண் அல்ல அது. தவிரவும், வேட்டை ரைஃபிள் ஸ்கோப்போடு சேர்த்து நாலைந்து கிலோதான் இருக்கும். அந்த எடையைத் தாங்காத ட்ரைபாடே கிடையாது. தாங்குவது வேறு, அசையாமல் தாங்குவது வேறு. கயிற்றுக் கட்டில் நான்கு பேரைத் தாங்கும், ஆனால் அதன்மேல் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடியாது.

முட்டுக்கொடுத்துச் சுடுவது புதிய பழக்கமுமல்ல. ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுக் கனத்த மஸ்கெட் துப்பாக்கிகளை, கவட்டையாகப் பிரிந்த ஒரு கோலின்மேல் வைத்துத்தான் சுட்டார்கள். 1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமைகளைக் கொன்று குவித்தவர்கள், இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறிபோல் கட்டி அதன்மேல் ஷார்ப்ஸ் ரைஃபிளைக் கிடத்தினார்கள். ஆப்பிரிக்காவில் இன்றும் வழிகாட்டி தோளில் சுமந்து வருவது, உச்சியில் ரப்பர் பட்டையால் கட்டிய மூன்று கழிகளைத்தான். 80, 100 மீட்டரில் பெரிய விலங்குக்கு அது தாராளமாகப் போதும். அந்த மூன்று கழியும் 300 மீட்டருக்கு ஏன் போதாது என்று யோசித்தால், நல்ல ட்ரைபாடுக்கு என்ன வேண்டும் என்பது தானே விளங்கும். கழிகளின் உச்சி முறுகும், கால்கள் வளையும், ரைஃபிள் அதன்மேல் வழுக்கும்.

முதலில் கால்களைப் பார்ப்போம். பணம் குறைவாக இருந்தால் அதைக் கால்களில்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தலையை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கால் மெல்லியதாக இருந்தால் எந்தத் தலையை மாட்டினாலும் ஆடும்.

காலின் கனத்தைச் சொல்லும்போது மேல்குழாயின் விட்டத்தைச் சொல்வார்கள். 28, 32, 36, 40 மி.மீ. என்று போகும். 28-க்கும் 32-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். சுவர்த்தடிப்பு ஒன்றாக இருந்தால், குழாய் வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அதாவது அந்த 4 மி.மீ. கூடினாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. நீளம் இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். நீள நீள வளைவு அதே மும்மடி வேகத்தில் கூடும். மலை ஏறி நடக்கிறவருக்கு 32 மி.மீ. சரியான இடம் என்று நினைக்கிறேன். 28 பைனாகுலருக்கு நன்றாக இருக்கும், ரைஃபிளை வைத்து எழுந்து நின்றால் தவிக்கும். 40 மி.மீ. கால்கள் வண்டியிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்து சுடும் போட்டிக்களத்துக்குப் பொருந்தும்.

ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூன்று அல்லது நான்கு துண்டுகளால் ஆனது. துண்டு கூடக்கூட மடித்தால் சிறிதாகும், முதுகுப்பையில் அடங்கும். ஆனால் கடைசித் துண்டு விரல் கனத்துக்கு மெலிந்துவிடும், பூட்டும் ஒன்று அதிகமாகும். ஒவ்வொரு பூட்டும் கொஞ்சம் நெகிழக்கூடிய ஓர் இடம். எனக்கு மூன்று துண்டுக் கால்தான் பிடிக்கும். எதை வாங்கினாலும், விரிக்கும்போது தடித்த துண்டை முதலில் இழுங்கள். கடைசி மெல்லிய துண்டு முழு உயரம் தேவைப்படும்போது மட்டும் வெளியே வரட்டும்.

நடுவில் ஒரு தண்டு மேலேறும் ட்ரைபாடுகள் புகைப்படக்காரர்களிடம் நிறைய உண்டு. ரைஃபிளுக்கு அது வேண்டவே வேண்டாம். மூன்று காலின் மேல் ஒற்றைக்கால் ஒன்றை நட்டு அதன் உச்சியில் துப்பாக்கியை வைப்பதுபோல அது. தண்டு இல்லாமல், தலை நேராக உச்சித்தட்டில் உட்காரும் அமைப்பையே தேடுங்கள். அந்த உச்சித்தட்டில்தான் மூன்று கால்களும் கீல்போட்டு இணைகின்றன. ட்ரைபாடுகள் முன்பின்னாக ஆடுவதைவிடப் பெரும்பாலும் பக்கவாட்டில் முறுகுவதில்தான் தோற்கும். கீலின் அகலமும் ஆணியின் இறுக்கமும் அதைத் தீர்மானிக்கின்றன.

உயரத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கால்களை முழுக்க நீட்டி, தலையையும் ரைஃபிளையும் வைத்தால், நிமிர்ந்து நிற்கும் உங்கள் கண்ணுக்கு நேராக ஸ்கோப் வர வேண்டும். சமதளத்தில் சரியாக வந்தால் போதாது. மலைச்சரிவில் கீழ்ப்பக்கக் கால் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். ஆகவே 15, 20 செ.மீ. கையிருப்பு இருக்கட்டும். அதே கால்கள் அகல விரிந்து தரையோடு தாழவும் வேண்டும், ஏனென்றால் நின்று சுடுவது கடைசி வழி. உட்கார்ந்து, முழங்கால்மேல் முழங்கையை ஊன்றிச் சுடுவதுதான் உறுதி. புல் இடம் கொடுத்தால் எப்போதும் உட்காருங்கள்.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா? கார்பன் எடை குறைவு, அதிர்வைச் சீக்கிரம் விழுங்கும், குளிர்கால விடியலில் வெறுங்கையால் தொட்டாலும் சில்லிட்டு ஒட்டாது. விலை அதிகம். அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், கார்பன் விரிசல் விடும். காசு இருந்தால் கார்பன். இல்லையென்றால் மெல்லிய கார்பனைவிடத் தடித்த அலுமினியம் எவ்வளவோ மேல்.

பூட்டுகளில் திருகுவகை, நெம்புவகை என இரண்டு. திருகுவகை புதரில் சிக்காது, சத்தம் குறைவு. மணலும் தூசியும் புகுந்தால் நறநறக்கும், கழற்றிக் கழுவ வேண்டும். நெம்புவகை பூட்டியிருக்கிறதா என்பது பார்த்தாலே தெரியும், குளிரில் கையுறையோடும் இயக்கலாம். இதில் பழக்கம்தான் முடிவு செய்யும். பாதத்துக்குப் பாறையில் ரப்பர், மண்ணில் கூர்முனை. இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி இருந்தால் நல்லது.

இனி தலை. ரைஃபிளுக்கு வழங்குபவை முக்கியமாக மூன்று வகை.

முதலாவது, துப்பாக்கியின் முன்கட்டையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி போன்ற சேணம். எந்த ரைஃபிளையும் எந்த மாற்றமும் செய்யாமல் வைக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. இதில் பலர் கவனிக்காத ஓர் ஆபத்து உண்டு. இன்றைய ரைஃபிள்களில் குழல் முன்கட்டையைத் தொடாமல், நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளியோடு மிதக்கும்படி வைத்திருப்பார்கள். குழல் சுடும்போது தன் இயல்பில் அதிர வேண்டும் என்பதற்காக. மலிவான பிளாஸ்டிக் முன்கட்டையை இடுக்கியில் இறுக்கினால் அது வளைந்து குழலைத் தொட்டுவிடலாம். தொட்டால் குண்டு விழும் இடமே மாறிவிடும். சேணம் வாங்குகிறவர், அதில் ரைஃபிளை இறுக்கிய நிலையில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். காகிதம் தடையில்லாமல் ஓடினால் சரி.

இரண்டாவது, பால் ஹெட். கிண்ணத்துக்குள் சுழலும் ஓர் உருண்டை, அதை இறுக்க ஒரு குமிழ். எல்லாப் பக்கமும் சாயும். புகைப்படக்காரருக்கு இது வரம். ரைஃபிளுக்கு என்றால் உருண்டை பெரிதாக இருக்க வேண்டும், 50 மி.மீ.க்கு மேல் இருந்தால் நிம்மதி. பெரிய உருண்டையைக் குறைந்த இறுக்கத்திலேயே வலுவாகப் பிடிக்கலாம். இதன் குறை என்னவென்றால், ரைஃபிளின் எடை முழுதும் உருண்டைக்கு மேலே இருக்கிறது. குமிழைத் தளர்த்திய கணமே தலைப்பாரமாகச் சாயும். அதனால் முழு இறுக்கத்துக்கும் முழுத் தளர்வுக்கும் நடுவே, அசைத்தால் அசைந்து, விட்டால் நிற்கும் உராய்வை வைத்துக்கொள்ள வசதி வேண்டும். உராய்வுக்கென்று தனிக் குமிழ் இருக்கும் தலைகளையே பாருங்கள்.

மூன்றாவது, துப்பாக்கிக்கென்றே செய்த தட்டையான சமன்தலைகள். குட்டையாக இருக்கும். அரைக்கோளக் கிண்ணத்தில் உட்கார்ந்து, குறிப்பிட்ட கோணம்வரை மட்டும் சாயும். ஒரே நெம்புகோலில் இறுகும். ரைஃபிள் உச்சித்தட்டுக்கு மிக அருகில் உட்காருவதால் ஆட்டம் குறைவு, தவறி விழும் வாய்ப்பும் குறைவு. மேலே செங்குத்தாகப் பார்க்க முடியாது, அது வேட்டையில் தேவையும் இல்லை. வேட்டைக்கென்று ஒரே ஒரு தலை வாங்கினால் இதையே வாங்குங்கள் என்பேன். பைனாகுலருக்கும் அது ஒப்பேறும். எண்ணெய்ப் பசையில் வழுக்கிச் சுழலும் வீடியோ தலைகள் பைனாகுலருக்கு மிக இதமானவை. ஆனால் ரைஃபிளின் பின்னுதைப்புக்கு அவை செய்யப்பட்டவையல்ல.

தலையையும் ரைஃபிளையும் இணைப்பது பெரும்பாலும் ஆர்க்கா பட்டை. சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஆர்க்கா-சுவிஸ் நிறுவனத்தின் கேமரா இணைப்பிலிருந்து வந்தது, சுமார் 38 மி.மீ. அகலத்தில், ஓரம் சரிவாகச் செதுக்கிய உலோகப் பட்டை. ரைஃபிளின் முன்கட்டை அடியில் நீளமாக அதைத் திருகிவிட்டால், தலையிலுள்ள கவ்வி அதைப் பிடித்துக்கொள்ளும். நீள்பட்டையாக இருந்தால் முன்பின் நகர்த்தி, ரைஃபிளின் எடை இருபக்கமும் சமமாகும் இடத்தில் பொருத்தலாம். அங்கே பொருத்திய ரைஃபிள் கையை எடுத்தாலும் தலைகுப்புறச் சாயாது. ஆர்க்காவில் ஒரு சிக்கல், நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு சற்று மாறும். துப்பாக்கி உபகரணங்களில் வரும் பிக்கட்டினி பட்டைக்கு 1995-இல் அமெரிக்க இராணுவம் வரையறுத்த நியமம் இருக்கிறது. ஆர்க்காவுக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் நெம்புகோல் கவ்வியில் இன்னொரு நிறுவனத்தின் பட்டை தளர்வாக உட்காரலாம், அல்லது பூட்டாமலே போகலாம். திருகிக் கவ்வும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான்.

கவ்வியில் பூட்டிச் சுடும்போது பின்னுதைப்பு வேறுவிதமாக நடக்கும். உதைப்பின் அளவும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். 6.5 கிரீட்மூர் தோட்டாவோடு ஒப்பிட்டால் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதைப்பு ஒரே எடையுள்ள ரைஃபிளில் ஏறக்குறைய இரு மடங்கு. ட்ரைபாடும் ரைஃபிளும் ஒன்றாகக் குதிக்கும்போது, மேசைமேல் மணல்பை வைத்துச் சரிபார்த்த குறி சற்று மாறியிருக்கலாம். எந்த நிலையில் வேட்டையில் சுடப்போகிறீர்களோ, அந்த நிலையிலேயே பயிற்சிக்களத்தில் சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் சோதிக்க ரைஃபிள் தேவையில்லை. கால்களை முழுக்க நீட்டி, உச்சித்தட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் நெகிழ்கிறது என்று கை சொல்லும். பிறகு உடல் எடையில் பாதியை மேலே சாய்த்து அழுத்துங்கள். எந்தப் பூட்டும் மில்லிமீட்டர்கூட இறங்கக்கூடாது. கடைசியாக, 10 மடங்கு பெருக்கும் பைனாகுலரைப் பொருத்தி, தெருவின் மறுகோடியிலுள்ள பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தைப் பார்த்தபடி ஒரு காலை விரலால் சுண்டுங்கள். எழுத்து நடுங்கி அடங்க எவ்வளவு நேரமாகிறது? இரண்டு மூன்று ட்ரைபாடுகளை அடுத்தடுத்து இப்படிச் சுண்டிப் பார்த்தால், எந்த விளம்பரமும் சொல்லாத உண்மை தெரிந்துவிடும். நல்ல கார்பன் கால்களும் தலையும் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டுவது உண்டு. பலருக்கு அது ரைஃபிளின் விலையைவிட அதிகம். அந்தப் பணம் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் சுண்டிப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

எடையும் முக்கியம். தலையோடு சேர்ந்து இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். இரண்டு கிலோவுக்குக் கீழே இறங்க ஆசைப்பட்டால் விறைப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். நான்கு கிலோவை ஏந்திக்கொண்டு மலையேறுகிறவர் மூன்றாம் நாள் அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வருவார்.

மலையில் வைக்கும் முறை. சரிவில் இரண்டு கால்கள் கீழ்ப்பக்கம், ஒன்று மேற்பக்கம். கால்கள் உச்சித்தட்டின் தடுப்பில் முழுக்க முட்டும்வரை வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும். அரைகுறையாக விரிந்த கால் சுட்டவுடன் நழுவும். காற்றடித்தால் முதுகுப்பையை நடுவில் தொங்கவிடலாம், ஆனால் அது ஊஞ்சலாடினால் கெடுதல், பை தரையை லேசாகத் தொடட்டும். ட்ரைபாட் தாங்குவது முன்பக்கத்தை மட்டும்தான் என்பது மறந்துபோகும். பின்கட்டை உங்கள் தோளோடும் மூச்சோடும் ஆடிக்கொண்டேயிருக்கும். முழங்கைக்கு முழங்காலோ, நடைக்கோலோ, பையோ எதையாவது முட்டுக்கொடுங்கள். முன்னே சற்றுச் சாய்ந்து, உடல் எடையை மெதுவாக ரைஃபிளுக்குள் செலுத்தினால் அலைவு பாதியாகக் குறைந்தது போலிருக்கும்.

ஆலன் கீ ஒன்று பையில் இருக்கட்டும். நடையின் குலுக்கலில் உச்சித்தட்டின் ஆணிகள் தளர்வது வழக்கம்.

இனிச் சொல்பவை தேர்வைப் பற்றியவை அல்ல, ஆனால் சொல்லாமல் விடமுடியாது. ரைஃபிள் ட்ரைபாடில் மாட்டியிருக்கிறதே என்று அதன் ஸ்கோப்பால் சரிவைத் துழாவாதீர்கள். ஸ்கோப் எதைப் பார்க்கிறதோ அதையே குழலும் பார்க்கிறது. எதிர்ச்சரிவில் இன்னொரு மனிதர் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருக்கலாம். தேடுவது பைனாகுலரின் வேலை. மானை அடையாளம் கண்டு, அதன் பின்னால் மண் இருக்கிறது, ஆள் இல்லை என்று உறுதிசெய்தபின்தான் ரைஃபிள் தலையில் ஏற வேண்டும், அதன்பிறகே தோட்டா அறைக்குள் போக வேண்டும். மாட்டிய ரைஃபிளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். தலைப்பாரமான அமைப்பைச் சாய்க்க ஒரு காற்று போதும்.

இன்னொன்று, உட்கார்ந்த நிலையில் பாறைக்குப் பின்னால் ட்ரைபாடைத் தாழ்த்தி வைக்கும்போது நடப்பது. ஸ்கோப்பின் மையம் குழலைவிட நாலைந்து செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஸ்கோப்பில் மான் துல்லியமாக, தடையேதுமின்றித் தெரியும். குழலின் வாய் மட்டும் முன்னாலிருக்கும் பாறையின் விளிம்பை நோக்கியிருக்கும். விசையைத் தொடும் முன் ஒருமுறை ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, குழலின் பக்கவாட்டில் பாருங்கள். பாறை மறித்தால் ட்ரைபாடின் கால்களை ஒரு கை உயரம் இழுத்துவிட்டு மீண்டும் உட்காருங்கள்.